மாசி வந்த கதை

எங்கள் ஊரில் டிராக்டரை டிராக்டர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "நாளைக்கு மாசி வருதா?" என்றுதான் கேட்பார்கள். சிவப்பு நிற மாஸி பெர்குசன். மாசி மாதத்துக்கும் அதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். மாஸி என்பது கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனம், பெர்குசன் என்பவர் ஓர் அயர்லாந்துக்காரர், 1953-ல் இரண்டு தொழில்களும் இணைந்தன என்பதெல்லாம் வெளிநாடு வந்தபிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

ஹாரி பெர்குசனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1938-ல் ஹென்றி ஃபோர்டுடன் வெறும் கைகுலுக்கலிலேயே முடித்த ஒப்பந்தத்தையும், பின்னால் ஃபோர்டு கம்பெனி மீது போட்ட வழக்கையும் சொல்வார்கள். எனக்கென்னவோ அவருடைய முதல் முப்பது சொச்சம் வருடங்கள்தான் சுவாரசியமாகப் படுகின்றன. ஏனென்றால், அந்த மனிதர் வயலைவிட்டு ஓடிப்போனவர்.

1884 நவம்பர் 4 அன்று, பெல்ஃபாஸ்ட் நகருக்குத் தெற்கே டுரோமோருக்கு அருகிலுள்ள குரோவல் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் நான்காமவர். தகப்பனார் விவசாயி, பிளிமத் பிரதரன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். வீட்டில் வேதம் தவிர வேறு பேச்சு அதிகம் கிடையாது. பதினான்கு வயதில் ஹாரி பள்ளியிலிருந்து நின்று வயலில் இறங்கினார். ஒடிசலான உடம்பு. குதிரைக்குப் பின்னால் நாள் முழுக்க நடக்கும் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவேயில்லை. அப்பாவின் கடவுளும் பிடிக்கவில்லை. பின்னாளில் நாத்திகத்துக்கு அருகில் போய்விட்டார். 1902-ல் கடல் கடந்து போய்விடுவது என்று முடிவெடுத்தார். (நம்மில் பலருக்குப் பழக்கமான முடிவுதான்.)

போகாமல் தடுத்தவர் அண்ணன் ஜோ. பெல்ஃபாஸ்டில் சைக்கிளும் காரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவர், தம்பியைத் தன்னிடம் வேலைக்கு அழைத்துக்கொண்டார். பகலில் பட்டறை, மாலையில் தொழில்நுட்பக் கல்லூரி. கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் ஓட்டினார். 1909-ல் விமானப் பித்து பிடித்தது. பட்டறையிலேயே ஒரு விமானத்தைக் கட்டி, அந்த ஆண்டின் கடைசி நாளில், பலத்த காற்றுக்கிடையே ஹில்ஸ்பரோவில் 130 கஜ தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணிலிருந்து இயந்திர விமானம் எழும்பியது அதுவே முதல்முறை. பிறகு விபத்துகள், அண்ணனோடு மனஸ்தாபம். 1911-ல் தனிக்கடை. 1914-ல் உல்ஸ்டர் தன்னாட்சி எதிர்ப்பாளர்களுக்காக ஆயுதம் கடத்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்த அத்தியாயத்தை ரசிக்கமுடியவில்லை, ஆனால் மறைப்பதற்கில்லை.

உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடித்தபோது, உள்ளூரிலேயே அதிகம் உழவேண்டிய நிலை வந்தது. ஏற்கெனவே 'ஓவர்டைம்' என்ற டிராக்டரை விற்றுவந்த பெர்குசனிடம், 1917-ல் அயர்லாந்து விவசாய வாரியம் அரசின் டிராக்டர்களைத் திறம்பட ஓடவைக்கும் பொறுப்பைக் கொடுத்தது. ஓடிப்போனவர் திரும்ப வயலுக்கே வந்து சேர்ந்தார். தன் பட்டறை மெக்கானிக் வில்லி சாண்ட்ஸோடு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்.

பார்த்தது இதுதான்: குதிரையை அவிழ்த்துவிட்டு, அதே இடத்தில் டிராக்டரைக் கட்டியிருந்தார்கள். கனமான கலப்பையை அது சும்மா இழுத்துக்கொண்டு போனது. கலப்பை பாறையில் மாட்டினால் குதிரை நின்றுவிடும், டிராக்டர் நிற்காது. பின்சக்கரம் நகரமுடியாதபோது எஞ்சினின் விசை அச்சைச் சுற்றி வண்டியையே திருப்புகிறது. முன்பக்கம் எழுந்து, ஓட்டுபவர்மேல் மல்லாக்கக் கவிழ்கிறது. குதிக்க நேரமிருக்காது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் அப்பாவின் நண்பர் ஒருவர், சேற்றில் புதைந்த டிராக்டரை மீட்கப் பின்சக்கரங்களில் மரக்கட்டையைக் கட்டி முதல் கியரில் கிளப்பினார். கட்டை பிடித்துக்கொண்டது, சக்கரம் சுற்றவில்லை, வண்டி எழுந்தது. அவர் பிழைக்கவில்லை. எஞ்சினியரிங் படிக்கும்போது திருப்புவிசை பற்றிய பாடம் வந்த நாளில் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

பெர்குசன் கண்ட தீர்வு, கலப்பையை இழுக்காமல் டிராக்டரின் உறுப்பாகவே ஆக்கிவிடுவது. 1917 இறுதிக்குள் ஃபோர்டு காரை மாற்றியமைத்த 'ஈராஸ்' டிராக்டருக்குச் சக்கரமில்லாத இலேசான கலப்பை ஒன்றைச் செய்துவிட்டார். எடையைக் கூட்டாமல் வலுவைத் தேடும் இந்தப் பழக்கம் விமானம் கட்டியபோது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த யோசனை முழுவடிவம் பெறச் சில வருடங்கள் பிடித்தன, காப்புரிமை 1926-ல். கீழே இழுக்கும் இரண்டு கம்பிகள், மேலே ஒன்று. மண் கலப்பையைத் தடுக்கும்போது மேல்கம்பி முன்னோக்கித் தள்ளப்பட்டு, டிராக்டரின் மூக்கைத் தூக்கவிடாமல் தரையோடு அழுத்துகிறது. தடை மிகுந்தால் ஹைட்ராலிக் அமைப்பு அந்த அழுத்தத்தை உணர்ந்து கலப்பையைச் சற்று உயர்த்திவிடும். கவிழ்க்கவந்த விசையையே காவலுக்கு நிறுத்திவிட்டார்! (மரக்கட்டை விபத்தை இதுவும் தடுக்காது, அங்கே கலப்பைக்கே வேலையில்லை.)

1960-ல் பெர்குசன் காலமானார். அதே ஆண்டுதான் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, மாஸி பெர்குசன் கூட்டுறவோடு எங்கள் ஊர் மாசிகள் வரத் தொடங்கின. அந்த மேல்கம்பியை எங்கள் டிரைவர்கள் 'டாப் லிங்க்' என்கிறார்கள். சால் ஆழமாக விழுந்தால் இறங்கிவந்து அதைத்தான் இரண்டு சுற்று திருகுவார்கள்.