எல்லா அறையிலும் ஒரே பாட்டு!

குட்டீஸ், திருவிழா சமயத்தில் தெரு நெடுக குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகின்றனர் அல்லவா? அடுத்த முறை ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். அது ஒரு சொல்லைப் பாடிய பிறகு, தூரத்தில் உள்ள ஸ்பீக்கர் அதே சொல்லைத் திரும்பப் பாடுவது போல் கேட்கும்.

ஒயர் வழியாகப் பாட்டு இரண்டுக்கும் ஒரே நேரத்தில்தான் போகிறது. ஆனால், அங்கிருந்து நம் காது வரை ஒலி காற்றில்தானே வர வேண்டும்? காற்றில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். 34 மீட்டர் தள்ளியுள்ள ஸ்பீக்கரின் சத்தம், 1/10 விநாடி தாமதமாக வரும். அந்தச் சின்ன வித்தியாசத்தையும் நம் காது கண்டுபிடித்து விடும். பொல்லாத காது!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது சில வீடுகளில் கூடம், சமையலறை, மாடி என ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஸ்பீக்கர் வைத்து, ஒயரே இல்லாமல் ஒரே பாட்டை ஒலிக்க விடுகின்றனர். அமெரிக்காவின் சோனோஸ் என்ற நிறுவனம், 2005ல் இப்படிப்பட்ட கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 'ஆகா, என்ன புதுமை!' என்கிறீர்களா? நம் சென்னை நகரம், ஊருக்கே இதைச் செய்து காட்டியிருக்கிறது, அதுவும் 1930ல்!

சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால், 1924 மே 16ல் சென்னை மாகாண வானொலி மன்றம் தொடங்கியது. ஜூலை 31ல் ஒலிபரப்பும் ஆரம்பமானது. முதலில் 40 வாட் கருவி. பிறகு 200 வாட். இரண்டு பழைய 100 வாட் குண்டு பல்புகளுக்கு ஆகும் சக்தி, அவ்வளவுதான்! பாவம், பணத் தட்டுப்பாட்டால் 1927ல் மன்றத்தை மூட வேண்டியதாயிற்று. கருவியைப் பரணில் போட்டுப் பூட்டி விடவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர்.

மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல், தினமும் மாலை 5:30 முதல் 7:30 மணி வரை ஒலிபரப்பியது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மாலை 4:00 மணிக்கு அரை மணி நேரம் பாட்டும் கதையும் உண்டு. சரி, கேட்பது யார்? ரேடியோப் பெட்டி வாங்கும் வசதி அன்று மிகச் சிலருக்கே இருந்தது. அதனால், மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தனர். சபாவில் டிக்கெட் வாங்க முடியாதவரும், மணலில் உட்கார்ந்து, காலணா செலவில்லாமல் சங்கீதம் கேட்க முடிந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பின், 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோவும் வந்தது. வீட்டில் ரேடியோ வைக்க தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம் அது. மாலையானால் பஞ்சாயத்து ரேடியோ முன் ஊரே கூடி விடும். உங்கள் தாத்தா, பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்; நிறையச் சொல்வர்.

ஒரு வேடிக்கைக் கணக்கு பார்க்கலாமா? சென்னையில் ஒருவர் மைக் முன் பாடுகிறார். அதே அரங்கில் 34 மீட்டர் தள்ளி, கடைசி வரிசையில் ஒருவர் இருக்கிறார். 200 கிலோ மீட்டருக்கு அப்பால், திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளியில், ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு இன்னொருவர் இருக்கிறார். பாட்டை முதலில் கேட்பவர் யார்? நாட்றம்பள்ளிக்காரர்தான்! ரேடியோ அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோ மீட்டர் பாய்கிறது. 200 கிலோ மீட்டரைக் கடக்க 1/1500 விநாடியே போதும். அரங்கில் இருப்பவருக்கு 1/10 விநாடி ஆகும். பழைய ரேடியோப் பெட்டிகள் எல்லாம் ஒரே குரலில் பாடியதற்குக் காரணம் இதுதான். அலை வந்த உடனே அவை பாடி விடும்.

இன்றைய மொபைல் போன் அப்படியல்ல. இரண்டு போன்களில் இணையத்தில் ஒரே வானொலியைத் திறந்து, அருகருகே வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். ஏன்? இணையத்தில் பாட்டு எண்களாக மாறி, சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. சில பொட்டலங்கள் சீக்கிரம் வரும். சில வழியில் தாமதமாகும். பாட்டு அறுபடாமல் இருக்க, ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே பாட ஆரம்பிக்கும். எவ்வளவு சேர்ப்பது என்பது கருவிக்குக் கருவி மாறும்.

பல அறை ஸ்பீக்கர்கள் இதைச் சமாளிப்பது எப்படி? 'இந்தப் பொட்டலத்தை இத்தனை மணி, இத்தனை விநாடிக்குப் பாடு' என்று எல்லா ஸ்பீக்கருக்கும் கட்டளை போகும். தலைமையாசிரியர், 'சரியாக 10:00 மணிக்குத் தேர்வைத் தொடங்குங்கள்' என்று எல்லா வகுப்புக்கும் சொல்லி அனுப்புவது போலத்தான். ஆனால், எல்லா வகுப்புக் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டுமே! நாளைக்கு 4 விநாடி பிந்தும் கடிகாரம், ஒரே மணி நேரத்தில் 1/6 விநாடி பிந்தி விடும். அதுவே பாட்டைக் குழப்பப் போதும். எனவே, இந்த ஸ்பீக்கர்கள் ஓயாமல் ஒன்றையொன்று கேட்டு, தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன.

வீட்டில் இதை அமைப்பவர்கள் வை-பை கருவியை வீட்டின் நடுவில், உயரமாக வைக்க வேண்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் அலை மறைபடும். கான்கிரீட் சுவரும் அலையைக் குறைக்கும். ஸ்பீக்கர்களை மொபைல் போன் செயலியில் ஒரே குழுவாகச் சேர்த்து, அறைக்கு ஒரு பெயர் கொடுத்து விட்டால் வேலை முடிந்தது. பிளக் மாட்டும் வேலை மட்டும் பெரியவர்களுடையது.

ஒவ்வோர் அறையின் சத்தத்தையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். இதை அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். தோல் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, பகலில் தூங்கும் அப்பாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர் அறைக்குப் பாட்டு போகக் கூடாது.

'இதற்கெல்லாம் நிறையச் செலவாகுமே' என்கிறீர்களா? ஆகும்தான். அதனால், செலவில்லாத ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் ஒரு எப்.எம்., ரேடியோ இருக்கும். பக்கத்து வீட்டில் இன்னொன்று இரவல் வாங்குங்கள். தெளிவாகக் கிடைக்கும் ஒரே பண்பலை நிலையத்தை இரண்டிலும் வையுங்கள். நாட்றம்பள்ளிப் பிள்ளைகளே, உங்களுக்கு ஏலகிரி மலை குறுக்கே நின்று அலையை மறைக்கக்கூடும். அப்படியானால், ஜன்னலோரம் வைத்து ஏரியலை நீட்டிப் பாருங்கள். என்ன பாட்டு என்பதை நிலையத்தார்தான் முடிவு செய்வர். அது ஒன்றுதான் குறை. ஒன்றைக் கூடத்தில் வைத்து, மற்றதைச் சமையலறையில் வைத்து, இரண்டுக்கும் இடையே நடந்து பாருங்கள். பாட்டு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் உங்கள் கூடவே வரும்!