விருந்து மேசைக்கு நம் தறியும் நம் தோட்டமும்

சங்கத்தின் பேரவைக் கூட்டமாயினும், ஆண்டுதோறும் நவம்பர் 14-ஆம் நாள் முதல் ஏழு நாட்கள் கொண்டாடப்படும் கூட்டுறவு வார விழாவாயினும், அங்கத்தினர் இல்லத் திருமண வரவேற்பாயினும், வந்தவர்களை அமர்த்தி உபசரிக்க மேசைகள் போடப்படுகின்றன. விருந்தினரின் கண் முதலில் படுவது மேசையின் நடுவிடமே. சிற்றுண்டி வரும் வரையில் அவர் அதனைப் பார்த்துக்கொண்டுதான் அமர்ந்திருப்பார். அவ்விடத்தில் இன்று பெரும்பாலும் காணப்படுவது யாது? பளபளக்கும் பிளாஸ்டிக் விரிப்பும், அதன்மேல் வாடகைக்கு எடுத்து வந்த பிளாஸ்டிக் ரோஜாக்கள் செருகிய சாடியுமே ஆகும்.

நெசவாளர்களும் விவசாயிகளும் அங்கம் வகிக்கும் சங்கத்திற்கு இது பொருந்துமா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கரூர் வட்டாரத்தில் நெய்யப்படும் மேசை விரிப்புகள் கப்பலேறிச் சென்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உணவு மேசைகளை அலங்கரிக்கின்றன. தோவாளையிலும் நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் விடியுமுன்னரே பூச்சந்தை கூடுகிறது. துணியும் பூவும் நம்மிடமே இருக்க, நம் மேசைக்கு மட்டும் வேறெங்கோ வார்த்தெடுத்த பிளாஸ்டிக் எதற்கு?

பூ ஒரு நாள் பண்டம். விடியலில் பறித்தது அன்றே விற்காவிடில் அதற்கு விலை இல்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டுத் திருமணங்களும் திருவிழாக்களும் நின்றபோது, பூக்களைப் பறிக்கும் கூலிக்கும் வழியின்றிச் செடியிலேயே விட்டுவிட்ட விவசாயிகள் பலர். பூவின் விலை விழாவையும் விருந்தையும் நம்பியே நிற்கிறது என்பதை அவ்வாண்டு நமக்கு நன்கு உணர்த்திற்று. நமது சங்கம் பத்து மேசைகளுக்கு வாங்கும் பூவினால் சந்தை விலை ஏறிவிடாது, அது உண்மையே. ஆயினும், நம் விழாவுக்கு வருவோர் நாளை தங்கள் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் விருந்து நடத்தப் போகிறவர்கள். நம் மேசையைக் கண்டு, ‘இத்துணி எங்கே கிடைக்கும்?’ என்று ஒருவர் கேட்பாரானால் அதுவே நமது விளம்பரம். நம் சரக்கை நாமே ஒதுக்கிவைத்தால், பிறர் அதனை விரும்ப வேண்டுமென எதிர்பார்ப்பது எங்ஙனம்?

சட்டமும் இவ்வழியையே காட்டுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை உள்ளது; மேசைமீது விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அவற்றுள் ஒன்று. அலங்காரத்திற்கான தெர்மாகோல் 2022-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே, கைத்தறித் துணியும் பூவும் கொண்டு மேசையின் நடுவிடத்தை அழகுறச் செய்யும் எளிய முறைகளை இங்கே விவரிப்போம்.

எந்த மேசைக்கு, எவ்வளவு?

முதலில் இடமறிதல் வேண்டும். வாழையிலை போட்டுப் பரிமாறும் பந்தி மேசை குறுகலானது. இலையே அதனை நிரப்பிவிடும். அங்கே அலங்காரம் இடைஞ்சலேயன்றி அழகன்று. தேநீர் விருந்து மேசை, வரவேற்பு மேசை, மேடைமீதுள்ள தலைமை மேசை, இருபுறமும் எதிரெதிராக அமரும் சிற்றுண்டி மேசை ஆகியவற்றுக்கே நடு அலங்காரம் உரியது.

சிற்றுண்டி மேசை ஆறடி நீளமும் இரண்டரை அடி, அதாவது 30 அங்குல, அகலமும் உடையது என்று கொள்வோம். இருபுறமும் வைக்கும் தட்டுகளுக்குப் பத்துப் பத்து அங்குலம் போக, நடுவில் எஞ்சுவது பத்து அங்குலமே. நமது அலங்காரம் இதற்குள் அடங்க வேண்டும். உயரம் ஒரு சாணுக்கு மேற்படலாகாது. எதிரே இருப்பவரின் முகம் மறையுமானால் பேச்சு தடைப்படும்; பேசி மகிழ்வதற்கன்றோ விருந்து! அலங்காரத்தை வைத்தபின் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து, எதிர் நாற்காலியில் இருப்பவரின் முகம் தடையின்றித் தெரிகிறதா என்று பார்த்துவிடுதல் நன்று.

அடித்தளமாகும் துண்டு

நடுவே விரிப்பதற்கெனத் தனித்துணி வாங்க வேண்டுவதில்லை. 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள கைத்தறித் துண்டு ஒன்றை நீளவாக்கில் மூன்றாக மடித்தால், சரியாகப் பத்து அங்குல அகலம் கிடைக்கும். ஆறடி மேசையில் இரு முனைகளிலும் அரையடி இடம் விட்டு அது அழகாகப் படியும். வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை; விருந்து முடிந்தபின் அது பழையபடி துண்டாகவே பயன்படும். கரை மேற்புறத்தில் தெரியுமாறு மடிக்க வேண்டும். கைத்தறியின் அழகு கரையில்தான் தெரியும்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மஞ்சள் செண்டுமல்லி வைப்பதானால் அடர்நீலமோ கரும்பச்சையோ ஏற்றது. வெண்ணிறச் சம்பங்கிக்கு அரக்கு நிறம் எடுப்பாயிருக்கும். துணியே பல நிறக் கட்டமுடையதாயின், பூ ஒரே நிறமாயிருப்பது நலம். சாயம் நிற்குமா என்பதையும் முன்னரே சோதித்தல் அவசியம். நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் போதும். வெள்ளைத் துணியில் நிறம் ஏறுமாயின், தண்ணீர் சிந்தக்கூடிய இடத்தில் அத்துண்டை விரிக்கலாகாது.

துணியை அறுத்தபின் பாவில் எஞ்சும் நூல் நுனிகளை எறிந்துவிடாமல் சேர்த்துவைத்தால் அவற்றைக் குஞ்சங்களாகக் கட்டலாம். மண்சட்டியின் கழுத்தில் அக்குஞ்சம் ஒன்றைச் சுற்றிக் கட்டினால், நெசவாளர் வீட்டு விருந்து என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்று எளிய முறைகள்

முதலாவது, நீரில் மிதக்கும் பூ. எட்டங்குல வாயுள்ள ஆழமில்லாத மண்சட்டியோ சிறிய உருளியோ எடுத்துக்கொண்டு, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். புதிய மண்சட்டி நீர் கசியும். ஆதலால் முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஒரு தட்டும் வைத்தல் வேண்டும். செண்டுமல்லிப் பூக்களின் காம்பை அரை அங்குலம் விட்டு நறுக்கி மிதக்கவிடலாம். சட்டிக்கு எட்டு முதல் பத்துப் பூக்கள் போதும். நீர் சிறிது தெரிந்தால்தான் அழகு. நெருக்கி அடைத்தால் பூக்குவியலாகத் தோன்றும். ஒரு கிலோ பூவைக் கொண்டு பத்துச் சட்டிகளை நிரப்பிவிடலாம்.

இரண்டாவது, வாழைத்தண்டில் செருகிய பூ. அலங்காரக் கடைகளில் பூக்காம்புகளைச் செருகுவதற்குப் பச்சை நுரைக்கட்டி ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். இது 1954-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பொருள். ஒருவகைப் பிளாஸ்டிக்கே ஆகும். மட்காது, பொடிந்து மண்ணிலும் நீரிலும் கலந்துவிடும். அதன் வேலையை நம் தோட்டத்து வாழை செய்யும். குலை வெட்டிய மரத்தை மூன்றங்குலக் கனமுள்ள துண்டுகளாக அறுத்து, தட்டின்மீது நிறுத்தி, கூரிய குச்சியால் துளையிட்டுக் காம்புகளைச் செருகலாம். அடிமரத்தின் ஈரம் பூக்களை மாலை வரை வாடாமல் காக்கும். கோழிக்கொண்டை, வாடாமல்லி, ரோஜா ஆகியவை இதற்கு ஏற்றவை. சுற்றிலும் மருக்கொழுந்துத் தழையைச் செருகினால் அறுத்த விளிம்பு மறையும். ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும்: வாழைச்சாற்றின் கறை துணியில் பட்டால் போகாது. அறுத்த துண்டை ஒரு மணி நேரம் வடியவிட்டுத் துடைத்து, விளிம்புள்ள தட்டில் வைத்த பின்னரே துணிமேல் ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, விளைபொருள் தட்டு. இதற்குத் தண்ணீரும் வேண்டா. பல நாள் கெடாமலும் இருக்கும். மூங்கில் தட்டு ஒன்றில் நெற்கதிரோ சோளக்கதிரோ ஒரு கைப்பிடி கட்டி வைத்து, அதன் அருகில் வெடித்த பருத்திக்காய்கள் சில, சாயமிட்ட நூற்சிட்டம் ஒன்று, அந்நூலில் நெய்த துணிச் சுருள் ஒன்று என வரிசையாக அடுக்க வேண்டும். செடியில் தொடங்கித் தறியில் முடியும் உழைப்பு முழுவதையும் விருந்தினர் ஒரே பார்வையில் கண்டுகொள்வர். நிறத்திற்காக எலுமிச்சை, கத்தரிக்காய், மிளகாய் முதலியவற்றையும் சேர்க்கலாம். விழா முடிந்தபின் அவை சமையலறைக்குப் போய்விடும். பேரவைக் கூட்டத்து மேடை மேசைக்கு இதனினும் பொருத்தமான அலங்காரம் இல்லை எனலாம்.

பூவைக் காக்கும் விதம்

பூவை வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். காம்புடன் உள்ள பூக்களைச் சாய்வாக வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தி, நிழலில் சில மணி நேரம் வைத்திருந்து பின்னரே அலங்கரித்தால் வாடுவது தாமதமாகும். நீருக்குள் அமிழும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் அவை அழுகி, நீர் கெட்டு, காம்பின் துளைகள் அடைபடும். பழுக்கும் வாழைப்பழத்தின் அருகே பூக்களை இரவில் வைக்கலாகாது. பழம் வெளிவிடும் எத்திலீன் வாயுவினால் பூக்கள் விரைவில் முதிர்ந்து உதிரும்.

மேசையில் தவிர்க்க வேண்டியவை

அரளி பார்வைக்கு அழகியது. ஆயினும் அதன் பூ, இலை, தண்டு யாவும் நஞ்சு. அது நின்ற நீரும் நஞ்சேயாகும். நமது மாநில மலரான செங்காந்தளும் அவ்வாறே. கண்வலிக்கிழங்கு என்று நம் விவசாயிகள் விதைக்காகப் பயிரிடும் அச்செடி முழுவதும் நச்சுத்தன்மை உடையது. ஊமத்தையும் எருக்கும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. குழந்தைகள் கை நீட்டும் மேசையில் இவற்றில் எதுவும் இருத்தல் கூடாது.

விற்பனைக்கு விளைவித்த பூக்களில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே அலங்காரப் பூவிதழ்களைத் தட்டிலோ, பலகாரத்தின்மீதோ தூவலாகாது. மல்லிகை, சம்பங்கி போன்ற மணம் மிக்க மலர்களை வரவேற்பு மேசையில் தாராளமாக வைக்கலாம். உணவு மேசையில் அளவோடு நிறுத்துதல் நன்று. அவற்றின் மணம் உணவின் மணத்தை மூடிவிடும். எரியும் விளக்கைத் துணிக்கும் நூற்குஞ்சத்திற்கும் அருகே, அதுவும் மின்விசிறியின் கீழ், வைப்பது ஆபத்து.

சங்கம் செய்யக்கூடியது

மேற்கூறிய யாவும் தனி ஓர் அங்கத்தினரால் ஆகக்கூடியவையே. ஆயினும் சங்கமாகச் செய்தால் செலவு இன்னும் குறையும். பத்துத் துண்டுகள், பத்து மண்சட்டிகள், பத்துத் தட்டுகள், நான்கு மூங்கில் தட்டுகள் ஆகியவற்றைச் சங்கம் ஒரே முறை வாங்கி இருப்பில் வைத்துக்கொள்ளலாம். சங்க விழாக்களுக்குப் போக, அங்கத்தினர் இல்ல விசேடங்களுக்குச் சிறு வாடகை பெற்றுக்கொண்டு கொடுத்து, பதிவேட்டில் எழுதி, துண்டுகளைத் துவைத்து உலர்த்தித் திரும்பப் பெறலாம். பூவை அங்கத்தினர் தோட்டத்திலிருந்தே, அன்றைய சந்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். நம்மவர் என்பதற்காக இலவசமாகக் கேட்பது அவருடைய உழைப்பை மதியாமையாகும்.

ஒவ்வொரு மேசையிலும் உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை வைத்து, ‘இத்துணி நம் சங்கத் தறியில் நெய்தது, பூ நம் அங்கத்தினர் தோட்டத்தில் மலர்ந்தது’ என்று எழுதி, துணியின் விலையையும் குறித்துவிட்டால், அலங்காரமே விற்பனை மேசையும் ஆகிவிடும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் விழாச் செலவு பற்றிய பொருள் வரும்போது அங்கத்தினர்கள் இதனை எடுத்துக் கூறுமாறு வேண்டுகிறோம். அலங்காரத்திற்கென ஒதுக்கும் தொகை சிறியதே; ஆயினும் அது யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பது சிறிய விஷயமன்று. வாடகைப் பூவுக்குக் கொடுத்த பணம் அன்றே ஊரைவிட்டுப் போய்விடும். துண்டுக்கும் செண்டுமல்லிக்கும் கொடுத்த பணமோ நம் அங்கத்தினர் ஒருவரின் அடுப்புக்கும், மற்றொருவரின் அடுத்த பாவுக்கும் உதவும்.