சோதனை ‘இல்லை’ என்றால் நோய் இல்லையா?

தன் கணவர் வேறொருவருடன் உறவு கொண்டிருந்தார் என்பதை ஒரு பெண் அறிகிறாள். மறுநாளே ஆய்வகம் சென்று இரத்தம் கொடுக்கிறாள். ‘எச்.ஐ.வி. இல்லை’ என்று தாள் வருகிறது. உறக்கம் மட்டும் வரவில்லை. அந்தத் தாளை அவள் நம்பலாமா? மனக்காயத்திற்கு அறிவியலிடம் மருந்தில்லை. ஆனால் இந்த வினாவிற்கு விடை உண்டு.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். மிகச் சிறிய மின்னோட்டத்திற்கு அதன் முள் அசைவதில்லை. முள் சுழியில் நிற்பதால் மின்னோட்டமே இல்லை என்று கூறலாமா? கருவி உணரத்தக்க அளவிற்குக் குறைவு என்று மட்டுமே கூறலாம். இரத்தப் பரிசோதனையும் இத்தகையதே.

எச்.ஐ.வி. கிருமி உடலில் புகுந்ததும் பெருகத் தொடங்குகிறது. அதனை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. இவை சோதனையில் தென்படும் அளவை எட்டச் சில வாரங்கள் ஆகும். இதனைச் ‘சாளரக் காலம்’ என்பர். கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் ஒருங்கே தேடும் ஆய்வகச் சோதனைக்கு இக்காலம் 18 முதல் 45 நாட்கள். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனைக்கு 23 முதல் 90 நாட்கள்.

மற்றப் பால்வினை நோய்களும் உடனே வெளிப்படுவதில்லை. சிபிலிஸ் நோயின் முதல் புண் தோன்றவே 10 முதல் 90 நாட்கள் ஆகலாம். வெட்டை நோயும் கிளமிடியாவும் பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. ஆகவே, ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது சான்றாகாது.

அப்படியானால் மறுநாள் செய்த சோதனை வீணா? இல்லை. அது தொடக்க நிலையைக் காட்டுகிறது. பல மாதங்களுக்கு முன் தொற்றியிருந்தால் அதிலேயே தெரிந்திருக்கும். அண்மைய நாட்களைப் பற்றி மட்டுமே அது பேசாது.

நாட்களை எங்கிருந்து எண்ணுவது? கணவர் தவறிய நாளிலிருந்து அன்று. அவருடன் பாதுகாப்பின்றிக் கடைசியாகக் கூடிய நாளிலிருந்து. இடையில் மீண்டும் கூடினால் எண்ணிக்கையும் மீண்டும் தொடங்கும். எனவே இருவர் சோதனையும் முடியும்வரை ஆணுறை தேவை. கணவரின் முடிவை மனைவியின் முடிவாகக் கொள்வதும் பிழை. இருவரும் தனித்தனியே சோதித்துக்கொள்ள வேண்டும்.

கூடி 72 மணி நேரம் கடக்கவில்லையெனில் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தேவையென்று கண்டால் எச்.ஐ.வி.யைத் தடுக்க 28 நாள் மருந்து தருவார்.

அஞ்சி நடுங்கவும் வேண்டாம். துணைவருக்கு எச்.ஐ.வி. இருந்து, மருந்தோ ஆணுறையோ இல்லாதபோதும், ஒரு முறை கூடுவதால் பெண்ணுக்கு அது தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000-இல் 8 என்று கணக்கிட்டுள்ளனர். புண்கள் இருந்தால் இது உயரும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அன்று அதற்கு மருந்தில்லை. இன்று நாள்தோறும் மாத்திரை உண்டு நெடுநாள் வாழலாம். சிபிலிசைப் பெனிசிலின் குணமாக்குகிறது. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் இலவசம். முடிவை இரகசியமாகக் காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது.

தவறு செய்தவர் யாராயினும், சோதனைக்குச் செல்வதில் வெட்கமில்லை. அடுத்த சோதனை நாளை மருத்துவரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்று வரும் ‘இல்லை’யை நீங்கள் நம்பலாம்.