முட்டைகோஸைக் கண்டால் முகம் சுளிப்பது ஏன்?

நேற்றுவரை எதைக் கொடுத்தாலும் சப்புக்கொட்டிய குழந்தை, 2 வயதானதும் தட்டைத் தள்ளிவிடுகிறது. ஏன்?

ஓடியாடும் வயதில் கண்டதையும் வாயில் போடாமல் காக்கும் இயல்பான அச்சம் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணுவின் ஒரு வகையைப் பெற்ற பிள்ளைகளுக்கு முட்டைகோஸ் கூடுதலாகவே கசக்கும். பிடிவாதம் என்று திட்டுவது அநியாயம்.

மாற்றுவது எப்படி? 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தின்போதோ பாலூட்டும்போதோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கேரட் கூழுக்கு அவ்வளவாக முகம் சுளிக்கவில்லை.

வளர்ந்த பிள்ளைக்கு, பருப்புசாதத்தின் ஓரமாக ஒரு சிட்டிகை பொரியல் போதும். பெற்றோரும் அதையே சாப்பிட வேண்டும். பிள்ளை தொட்டு, முகர்ந்து, துப்பினாலும் சரி. 8 முதல் 15 தடவை வைக்க வேண்டியிருக்கலாம். பலர் நாலைந்தோடு கைவிடுகிறார்கள். "காயை முடித்தால் ஐஸ்கிரீம்" என்ற பேரம் மட்டும் வேண்டாம்: ஆசை ஐஸ்கிரீம் மேல்தான் கூடும். எடை குறைந்தாலோ விழுங்கத் திணறினாலோ மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.