கிளாரினெட் ஆசிரியையின் விடுப்புக் கணக்கு

பிரிட்டனில் வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு வருடத்துக்கு 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு. மூன்று நாள் பார்ப்பவருக்கு 16.8 நாள். சட்டம் 5.6 வாரம் என்றுதான் சொல்கிறது; அவரவர் வாரத்தில் எத்தனை நாளோ அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். 0.8 நாளை எப்படி எடுப்பது? மணிக்கணக்கில் எடுக்கலாம். முதலாளி மனமிருந்தால் 17 ஆக்கலாம். 16 ஆக்கக் கூடாது.

தகராறு அதிகம் வருவது திங்கட்கிழமையால். இங்கிலாந்தில் வழக்கமான எட்டு பொது விடுமுறைகளில் நான்கு திங்களில்தான் வரும். அந்த எட்டையும் 28-க்குள் அடக்கிக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. புதன் முதல் வெள்ளி வரை வருபவருக்கு அந்தத் திங்களால் ஒரு பயனும் இல்லை. அதற்காக அவருடைய 16.8 குறைந்துவிடாது.

வாரமே நிலையில்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். பெட்ஃபோர்டில் ஹார்ப்பர் டிரஸ்ட் நடத்தும் பள்ளியில் ஓர் ஆசிரியை கிளாரினெட், சாக்ஸபோன் சொல்லிக்கொடுத்தார். வகுப்பெடுத்தால் சம்பளம், பள்ளி மூடினால் இல்லை. ஒப்பந்தம் மட்டும் வருடம் முழுக்க உண்டு. அவருடைய விடுப்புச் சம்பளத்தை 2011 முதல் வகுப்பெடுத்த நேரத்தில் 12.07 சதவீதமாகக் கணக்கிட்டார்கள். 52 வாரத்தில் விடுப்பு 5.6 போனால் மிச்சம் 46.4. 5.6-ஐ அதால் வகுத்தால் 12.07 சதவீதம். கணக்குச் சரிதான், ஆனால் 46.4 வாரம் உழைப்பவருக்கு! ஆசிரியைக்கு வேலை இருந்ததோ வருடத்தில் 32 வாரத்தைச் சுற்றித்தான். வேலை செய்த வாரங்களின் சராசரிச் சம்பளத்தை 5.6-ஆல் பெருக்கிக் கொடுங்கள் என்றார் அவர். 32 வாரத்துக்கு அது 17.5 சதவீதம் வரும்.

முழுநேரக்காரரைவிட இவருக்கு விகிதம் கூடுகிறதே என்று நிர்வாகம் வாதாடியது. கூடினால் கூடட்டும், சட்டம் அதைத் தடுக்கவில்லை என்று 2022 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசு சும்மா இருக்கவில்லை, சட்டத்தையே திருத்திவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில், நேரம் நிலையில்லாதவர்களுக்கும் வருடத்தில் சில மாதமே வேலை இருப்பவர்களுக்கும் அதே 12.07 திரும்பிவிட்டது. மாதம் 40 மணி நேரம் உழைத்தால் 4.83 மணி, அதை 5 என்று எழுதிக்கொள்வார்கள். அந்த ஆசிரியை போன்றவர்கள் வென்றது கையில் இரண்டு வருடம்கூடத் தங்கவில்லை.

இவர்களுக்கு விடுப்புச் சம்பளத்தை அந்தந்த மாதச் சம்பளத்தோடேயே சேர்த்துக் கொடுக்கவும் இப்போது அனுமதி உண்டு. எனக்கு இது உவப்பாக இல்லை. பணம் முன்னமே வந்து வாடகைக்குப் போய்விட்டால், பிறகு சம்பளமில்லாமல் யார் விடுப்பு எடுப்பார்கள்? லண்டனில் பெட்ரோல் பங்க்கிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் ஷிப்ட் பார்க்கும் நம் மாணவர்கள் பே ஸ்லிப்பை ஒரு முறை பிரித்துப் பார்க்கட்டும். விடுப்புச் சம்பளம் தனி வரியாக இருக்க வேண்டும். 'எல்லாம் மணிக்கூலியிலேயே அடக்கம்' என்று மேனேஜர் வாயால் சொல்வது செல்லாது.