பல்லைக் காட்டும் முன் மாத்திரை அட்டையைக் காட்டுங்க!

கடலூர், சிதம்பரம் பக்கம் பல் பிரச்னைன்னா பலருக்கும் ஞாபகம் வர்றது அண்ணாமலைநகர் பல் மருத்துவமனைதான். 1980-ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது. இப்போது அரசுக் கல்லூரி. அங்கே போனாலும் சரி, உங்க தெரு கிளினிக்குக்குப் போனாலும் சரி, டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

'பல்லு வலிக்கும் பி.பி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைத்து, 'இல்லை' என்று சொல்லிடாதீங்க. சம்பந்தம் நிறையவே இருக்கு.

வாய் வறண்டு போகுதா?

அலர்ஜிக்குப் போடும் செட்ரிசின், மனஅழுத்தத்துக்கான சில மாத்திரைகள், சில பி.பி மாத்திரைகள் எச்சில் சுரப்பைக் குறைக்கும். எச்சில்தான் வாயில் உருவாகும் அமிலத்தைச் சமன்செய்து பல்லைக் காக்கிறது. அது குறைந்தால் சொத்தை சீக்கிரம் வரும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா தண்ணீர் குடிங்க. வறட்சிக்காக இனிப்பு மிட்டாயைச் சப்புவது சொத்தைக்கு நாமே வழிவிடுவது போலத்தான்.

ஈறு வீங்குதா?

பி.பி-க்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைப் பல்லுக்கு மேல் வளரவைக்கும். ஃபெனிட்டாயினால் இப்படி ஆவது 1939-லேயே பதிவாகிவிட்டது. பல் இடுக்கில் அழுக்கு சேர்ந்தால் வீக்கம் இன்னும் மோசமாகும். அதனால் சுத்தமும், பல் க்ளீனிங்கும் ரொம்ப முக்கியம். தேவைப்பட்டால் டாக்டரே மாத்திரையை மாற்றித் தருவார்.

இன்ஹேலர் எடுக்கிறீங்களா?

ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பிடுங்க. இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சைத் தொற்று வரலாம்.

பல் பிடுங்கும் முன் கவனம்!

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்காங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ஓடிக்கிட்டிருக்கு. 'ரத்தம் நிக்காது' என்று பயந்து அவரே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம். பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தை பஞ்சை அழுத்தியோ, தையல் போட்டோ பெரும்பாலும் நிறுத்திவிட முடியும். மாத்திரையை நிறுத்தணுமா, வேண்டாமா என்பதை பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் எடுக்கும் அம்மா, பாட்டி விஷயத்திலும் முன்கூட்டியே சொல்லிடுங்க. அரிதாக, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். புற்றுநோய்க்காக ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இன்னிக்கே செய்யுங்க

வீட்டில் எல்லாருடைய மாத்திரை அட்டையையும், பெயரும் மி.கி அளவும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வைங்க. ஓ.பி சீட்டோடு அந்தப் படத்தையும் காட்டுங்க. அப்பாவுக்குப் பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும், உங்க போனுக்கு இருக்கும்!