கரையில் கிடக்கும் பறவையைத் தொடலாமா?

பள்ளி விடுமுறை வந்தால் வேன் பிடித்து மோரிப், போர்ட்டிக்சன் என்று குடும்பத்தோடு கிளம்பி விடுகிறோம். நல்லதுதான். ஆனால் கரையோரம் ஒரு கடற்பறவை செத்துக் கிடந்தாலோ, கழுத்து கோணித் தள்ளாடினாலோ முதலில் ஓடுவது நம் பிள்ளைகள்தான். "பாவமா இருந்துச்சு டிரெசர், தூக்கித் தண்ணி ஊத்துனோம்" என்று சொல்கிற தாய்மார்களும் உண்டு.

பறவை பட்டினியாலும் சாகும், கப்பல் எண்ணெய் ஒட்டியும் சாகும். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் டாக்டராலும் சொல்ல முடியாது. 2022 கடைசியில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையில் எச்5என்1 கிருமியால் கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. பக்கத்து நாடான சிலியில் 2023 மார்ச்சில் 53 வயது ஆள் ஒருவருக்கு அதே கிருமி கண்டது. அவர் வீட்டுக்கு அருகே கரையில் செத்த பறவைகளும் கடல்சிங்கங்களும் கிடந்தன.

அது எங்கேயோ நடந்தது என்று விட வேண்டாம். கிளந்தானில் 2004-லும் 2017-லும் இந்தக் கிருமி கம்பத்துக் கோழிகளைத் தாக்கியது. கம்போடியாவில் 2023 பிப்ரவரியில் 11 வயதுச் சிறுமி இதற்குப் பலியானாள்.

நோய்ப்பட்ட பறவையின் எச்சம், எச்சில், மூக்குச் சளி எல்லாவற்றிலும் கிருமி உண்டு. நாம் கரையில் மிதித்த எச்சம் செருப்போடு வேனில் ஏறி, லயத்துக்கு வந்து, நேரே கோழிக்கூட்டுக்குப் போகும். நம்மில் பல வீடுகளில் கோழிதான் கைச்செலவுக்குக் காசு. அது ஒரே வாரத்தில் கூண்டோடு போய்விடும். ஆகவே செருப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே கூட்டுப்பக்கம் போங்கள். இந்தக் கிருமிக்குக் கொழுப்பு உறை உண்டு. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். அதற்கு விலை உயர்ந்த மருந்து தேவையில்லை.

செத்த பறவையைக் கடலில் வீசாதீர்கள், புதைக்காதீர்கள், நாயை அண்ட விடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்டக் கால்நடை மருத்துவ இலாகாவுக்குச் சொல்லுங்கள், எடுப்பது அவர்கள் வேலை. உயிரோடு தவிக்கிற பறவைக்கும் இதேதான். பரிதாபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வெறுங்கை வேண்டாம் என்கிறேன். கறிக்காகத் தூக்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நன்றாக வெந்தால் கிருமி சாகும், உண்மை. ஆனால் இறகு பிய்க்கும்போதே அது உங்கள் மூக்கில் ஏறிவிடும்.

தொட்டுவிட்டீர்களா? உடனே கையைக் கழுவுங்கள், அதற்குமுன் கண்ணையும் வாயையும் தொட வேண்டாம். அடுத்த 10 நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், கண் சிவப்பு எது வந்தாலும் கிளினிக்குக்கு வாருங்கள். மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வந்ததும் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கரையில், எந்தத் தேதியில் பறவையைத் தொட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.